காளான் வித்து மழைக்கு முன்னே கிடைக்க வேண்டும்: மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்ட வேளாண்மை மற்றும் தோட்டக்கலைத் துறை அலுவலர்களுக்கும்,

வணக்கம். குலசேகரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் ஒன்றரை ஏக்கர் ரப்பரும், வீட்டுக்குப் பின்புறம் ஓலை வேய்ந்த காளான் குடில் ஒன்றும் வைத்திருப்பவள் நான். இதை விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்திருக்கலாம். ஆனால் இது என் ஒருத்தியின் குறை அன்று. இரண்டு நிமிடத்தில் எழுந்து நின்று சொல்லிவிடக்கூடியதும் அன்று. ஆகவே எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றே: காளான் படுக்கை வித்தை (வேகவைத்த சோளத்தில் காளான் இழையை வளர்த்து, விதைபோல் இடுவது) மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் அரசின் பொறுப்பில் உற்பத்தி செய்து, மழை தொடங்கும் முன்பே எங்கள் கைக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும்.

ரப்பர் பால்வெட்டு ஆண்டு முழுவதும் நடப்பதில்லை என்பது தாங்கள் அறிந்ததே. இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) பிடித்துவிட்டால், மழைத்தடுப்பு பிளாஸ்டிக் கட்டாத மரங்களில் வெட்டு நின்றுவிடும். மாசி, பங்குனியில் இலை உதிர்ந்து தளிர்க்கும்போது மரத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டியிருக்கும். இந்த இரண்டு இடைவெளிகளிலும் பால்வெட்டுக் குடும்பங்களில் காசுப் புழக்கம் இருக்காது. கடையில் பற்று ஏறும். காளானுக்கோ இவ்விரண்டும் ஏற்ற காலங்கள். சிப்பிக்காளானுக்கு 25 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பமும் 80 முதல் 85 விழுக்காடு ஈரப்பதமும் தேவை. மழைக்காலத்தில் எங்கள் ஊர்க் காற்றே இதைக் கொடுத்துவிடும், சாக்கு நனைத்துக் கட்ட வேண்டிய வேலைகூட இல்லை. 30 முதல் 35 பாகை வெப்பத்தில் விளையும் பால் காளானை, 1990களின் இறுதியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வணிகச் சாகுபடிக்குக் கொண்டுவந்தது. கோடைக்கு அது இருக்கிறது. ஓலைக் குடிலும் ஆளும் தயாராக இருக்கும் இடத்தில் குறைவது வித்து மட்டுமே.

சென்ற ஆண்டு ஆனி மாதம் 40 படுக்கை (அவித்த வைக்கோலும் வித்தும் அடுக்கி, காளான் விளைவிக்கும் பை) போடுவதற்காக வெளிமாவட்டத்திலிருந்து 20 பை வித்து வரவழைத்தேன். பேருந்துப் பார்சலில் இரண்டு நாள் கிடந்து வந்து சேர்ந்தது. நல்ல வித்து எப்படி இருக்க வேண்டும் என்பது வளர்ப்பவர்களுக்குத் தெரியும்: சோளத்தின் ஒவ்வொரு மணியிலும் வெள்ளை இழை பஞ்சுபோல் படர்ந்து, பையைத் தட்டினால் கட்டி உடைந்து உதிர வேண்டும், மூக்கருகே கொண்டுபோனால் காளான் மணக்க வேண்டும். வந்த பைகளிலோ அடிப்புறச் சோளம் பழுத்து, மஞ்சள் நீர் தேங்கி, புளித்த கஞ்சியின் வாடை அடித்தது. 15 முதல் 18 நாள் வயதுள்ள வித்தே சிறந்தது என்பார்கள். பைகளின் மேல் தேதியே இல்லை. வைக்கோலை அவித்து ஆறவைத்திருந்த நிலையில் திருப்பி அனுப்ப மனம் வராமல் போட்டுவிட்டேன். அது என் தவறு. எட்டாம் நாள் படுக்கைகளின் ஓரத்தில் விரல்நகம் அளவில் பச்சைத் திட்டு தெரிந்தது. மறுவாரம் 29 படுக்கைகளைச் சுமந்து சென்று, குடிலுக்கு எட்டாத இடத்தில் குழி வெட்டிப் புதைத்தேன்.

அந்தப் பச்சைப் பூசணம் டிரைக்கோடெர்மா. இதில் ஒரு வேடிக்கை உண்டு. வேரழுகலையும் வாடலையும் தடுக்க, ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்றும், எக்டருக்கு 2.5 கிலோவைத் தொழு உரத்தில் கலந்து இடுங்கள் என்றும் உழவர்களுக்குப் பரிந்துரைக்கப்படுவது அதே இனத்தைச் சேர்ந்த டிரைக்கோடெர்மா விரிடிதான். வயலில் காவல் நிற்பது குடிலுக்குள் வந்தால் கொள்ளையடிக்கிறது. வீரியமுள்ள இளம் வித்தாக இருந்தால், பச்சைப் பூசணம் காலூன்றுவதற்குள் காளான் இழை வைக்கோல் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். கிழட்டு வித்தால் அந்த ஓட்டத்தில் முந்த முடிவதில்லை. வித்தின் வயதை நான் இவ்வளவு வலியுறுத்துவது இதனால்தான்.

பச்சைப் பூசணத்துக்கு அஞ்சி, கார்பென்டாசிமும் ஃபார்மலினும் கலந்த நீரில் வைக்கோலை 16 முதல் 18 மணி நேரம் ஊறவைக்கும் முறையும் பயிற்சிகளில் சொல்லித் தரப்படுகிறது. உண்ணும் பூசணத்தை வளர்ப்பதற்குப் பூசணக்கொல்லியில் தொடங்குவது எனக்கு உவப்பாக இல்லை. ஊறவைத்த நீரை எங்கே கொட்டுவது? எங்கள் வீடுகளில் கிணறு பத்தடி தொலைவில் இருக்கிறது. ரப்பர் விறகுக்குப் பஞ்சமில்லாத ஊரில் நீராவியில் அவிப்பதே முறை. அரசின் பயிற்சிகள் அதையே முதலில் காட்ட வேண்டும்.

அடுத்து, வைக்கோல். நாஞ்சில் நாட்டு வயல்கள் சுருங்கிவருகின்றன. கன்னிப்பூ (முதல் போக நெல்) அறுவடை மழையில் சிக்கினால் வைக்கோல் களத்திலேயே பூத்துவிடும். மேற்கே இருக்கும் எங்களுக்கு லாரி வாடகையும் சேர்கிறது. எங்களைச் சுற்றிக் கிடப்பதோ ரப்பர் மரத்தூள். மலேசியாவில் சிப்பிக்காளான் பெரும்பாலும் ரப்பர் மரத்தூளோடு தவிடும் சுண்ணாம்பும் கலந்த பைகளில்தான் வளர்க்கப்படுகிறது. 2017ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் சாய்த்த ரப்பர் மரங்கள் மரவாடிகளில் மலைபோல் குவிந்தபோதே இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஓர் எச்சரிக்கை மட்டும் தேவை: ரப்பர் பலகையை வண்டு அரிக்காமலிருக்கப் போரான் மருந்தில் பதப்படுத்துவதால், பச்சை மரத்தை அறுக்கும்போது விழும் தூளைத்தான் எடுக்க வேண்டும்; மரச்சாமான் பட்டறையில் இழைத்த சீவலை எடுக்கலாகாது. வாழைச்சருகும் வாழைத்தண்டும் வேறு இருக்கின்றன. எந்தக் கலவை எங்கள் ஊர் ஈரத்தில் எவ்வளவு விளைச்சல் தரும் என்பதைப் பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் போன்ற ஓரிடத்தில் எடைபோட்டுப் பார்த்துச் சொன்னால், நூறு வீடுகள் தனித்தனியே தோற்க வேண்டியிருக்காது.

வித்து நிலையம் காளான் வளர்ப்பவர்களுக்கு மட்டும் உரியது என்று யாரும் எண்ண வேண்டாம். ஈத்தாமொழிப் பக்கம் கயிற்றுத் தொழிலில் மிஞ்சும் தென்னை நார்க்கழிவை அப்படியே மண்ணில் இட்டால் பயிருக்குத் தீங்கு. அதில் கரிமம், தழைச்சத்து விகிதம் 112:1, எளிதில் மட்காத லிக்னின் 30 விழுக்காடு. ஒரு டன் கழிவுக்கு 5 புட்டி சிப்பிக்காளான் வித்தும் 5 கிலோ யூரியாவும் அடுக்கடுக்காக இட்டு ஈரம் காத்துவந்தால், அந்த விகிதம் 24:1 ஆக இறங்கி நல்ல எருவாகிவிடும் என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பழைய பரிந்துரை. அந்த 5 புட்டியும் இதே வித்துதான். என் குடிலில் காளான் எடுத்து ஓய்ந்த படுக்கைகளையும் மண்புழுத் தொட்டியில் இட்டு, பிறகு மட்டி வாழைக்கு வைக்கிறேன்; கடந்த மூன்று ஆண்டுகளாக வாழைக்கு வேறு உரம் வாங்கவில்லை.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். சோளத்தை அரைவேக்காடாக வேகவைத்து, கிலோவுக்கு 20 கிராம் கால்சியம் கார்பனேட் கலந்து பையில் அடைத்து, 20 பவுண்டு அழுத்தத்தில் அவித்து, தூய அறையில் தாய் வித்திலிருந்து (படுக்கை வித்துக்கு மூலமான வித்து) சிறிது இடுவதே வேலை. ஓர் ஆட்டோகிளேவும் (அழுத்த நீராவிக் கலன்), தூய காற்று அறையும், கைச்சுத்தம் பழகிய இருவரும் போதும். ஒரு தாய் வித்துப் புட்டியிலிருந்து ஏறத்தாழ 30 பை படுக்கை வித்தும், அவற்றிலிருந்து 60 படுக்கைகளும் போடலாம். ஒவ்வொரு பையிலும் வித்திட்ட தேதி எழுதியிருக்க வேண்டும். மற்றெதை மறந்தாலும் அதை மறக்க வேண்டாம்.

காலக்கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தாய் வித்துக்கு இரண்டு வாரத்துக்கு மேலும், படுக்கை வித்துக்கு மீண்டும் அவ்வளவும், படுக்கையில் இழை பரவ மேலும் 15 முதல் 20 நாளும் ஆகும். வெட்டு நிற்கும் வேளையில் முதல் காளானை நாங்கள் பறிக்க வேண்டுமானால், சித்திரை முதல் வாரத்தில் நிலையத்தில் சோளம் வெந்தாக வேண்டும். ரப்பர் தூள் கலவையைச் சோதிக்க ஆய்வாளர்கள் வருவார்களானால், என் குடிலின் வடபுறத்தில் 10 படுக்கைக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
குலசேகரம் பகுதிக் காளான் வளர்ப்பாளர் ஒருவர்