அந்த ஐந்து குறிப்புகளை நீயே எழுது

பாளையங்கோட்டை

அன்பு மகளுக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ கேட்ட கேள்வி இந்த வாரம் முழுவதும் என் மனத்தை விட்டு அகலவில்லை. அங்கே பிரிட்டனில் செவிலியர்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்தாக வேண்டும் என்றும், அதற்கு 450 மணி நேரப் பணியும் 35 மணி நேரப் பயிற்சியும் போக, செய்த வேலையைத் திரும்பிப் பார்த்து நீயே எழுதிய ஐந்து குறிப்புகளும் வேண்டும் என்றும் சொன்னாய். மணிக்கணக்கு தானாகச் சேர்ந்துவிட்டது, குறிப்புகள்தான் தொல்லை, உடன் வேலை செய்பவர்கள் கணினியிடம் சொல்லி ஐந்து நிமிடத்தில் எழுதி வாங்கிவிடுகிறார்கள், நானும் அப்படியே செய்துவிடட்டுமா என்று சிரித்துக்கொண்டே கேட்டாய். அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி நான் பேச்சை முடித்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. உனக்குப் பதில் சொல்ல வேண்டுமானால், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வீட்டில் யாரிடமும் சொல்லாத ஒன்றை முதலில் சொல்ல வேண்டியிருந்தது.

நான் பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு அது. ஆண்கள் பொது மருத்துவ வார்டில் இரவு டியூட்டி. நாற்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு நான் ஒருத்திதான். விடியற்காலையில் ஒவ்வொருவரின் வெப்பம், நாடி, மூச்சு மூன்றையும் குறிக்கும் டி.பி.ஆர். சார்ட் எழுத வேண்டும். வெப்பத்தை ஒழுங்காகப் பார்த்தேன், நாடியைப் பெரும்பாலும் பார்த்தேன், மூச்சுக்கு மட்டும் வரிசையாக 20, 20, 20 என்று எழுதிக்கொண்டே போனேன். எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள் என்பது காரணமே தவிர நியாயம் ஆகாது. காலையில் ரிப்போர்ட் வாங்க வந்த இன்சார்ஜ் சிஸ்டர், காய்ச்சலும் இருமலுமாகச் சேர்ந்திருந்த ஒரு பெரியவரின் கட்டிலருகே நின்று, சார்ட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொல்லி, தம் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார். "நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொள். மூச்சை எண்ணுகிறாய் என்று தெரிந்தால் அவர் மூச்சு மாறிவிடும். முழுதாக ஒரு நிமிடம் எண்ணு" என்றார். எண்ணினேன். 34.

மருத்துவரை அழைத்தோம், ஆக்ஸிஜன் வைத்தோம், பெரியவர் பிழைத்து வீட்டுக்கு நடந்தே போனார். ஆனால் நான் கற்றுக்கொண்டது அந்த ஒரு நிமிடத்தில் அல்ல. டியூட்டி முடிந்து புறப்பட்டவளை நிறுத்தி, இரவில் அவரிடம் என்னென்ன பார்த்தாய் என்று வரிசையாகச் சொல்லச் சொன்னார் சிஸ்டர். நான் ஒன்றும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். சொல்லத் தொடங்கியபோதுதான் தெரிந்தது: இரண்டு முறை கடந்து போனபோதும் அவர் படுக்காமல் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், தண்ணீர் கேட்டபோது இரண்டிரண்டு சொல்லாக நிறுத்தி நிறுத்திப் பேசினார், தோள்பட்டை ஒவ்வொரு மூச்சுக்கும் எழும்பி இறங்கியது. எல்லாம் என் கண்ணில் பட்டிருக்கிறது, ஒன்றோடொன்று சேரவில்லை. அவற்றை வாய்விட்டு இன்னொருவரிடம் சொல்லும்போதுதான் சேர்ந்தன. அதற்குப் பிறகு, படுக்க மறுத்து உட்கார்ந்திருக்கும் எந்த நோயாளியையும் என்னால் சும்மா கடந்து போக முடிந்ததில்லை.

நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே காட்ட உங்கள் வார்டுகளில் இருக்கும் 'நியூஸ்' மதிப்பெண் முறையைப் பற்றி நீ விளக்கியபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்து 2017-இல் திருத்திய அந்த அட்டவணையில், மூச்சு 12 முதல் 20 வரை இருந்தால் பூஜ்யம், 21 முதல் 24 வரை இருந்தால் 2, 25-ஐத் தொட்டுவிட்டால் 3. நாடி, வெப்பம் போன்ற மற்ற அளவுகளையும் சேர்த்து மொத்தம் 7 ஆகிவிட்டால் அவசரக் குழு ஓடிவர வேண்டும். எண்ணாமல் எழுதும் ஒரு 20, அந்த மொத்தத்திலிருந்து மூன்றைத் திருடிவிடும். நல்ல அட்டவணையும் சோம்பேறிக் கைக்குக் கட்டுப்பட்டதுதான்.

அங்கே போன புதிதில் நீ அழுததும் எனக்கு மறக்கவில்லை. சென்னையில் ஐந்து ஆண்டு தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தவள், மருந்து அலமாரி எங்கே இருக்கிறது என்பதைக்கூட இருபத்திரண்டு வயதுப் பெண்ணிடம் கேட்க வேண்டியிருக்கிறதே என்றாய். அமெரிக்கச் செவிலியரான பாட்ரீசியா பென்னர் 1980-களில் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். விமானிகளையும் சதுரங்க ஆட்டக்காரர்களையும் வைத்து டிரைஃபஸ் சகோதரர்கள், புதியவர் முதல் தேர்ந்தவர் வரை வகுத்த ஐந்து படிகளை அவர் செவிலியர் பணிக்குப் பொருத்திப் பார்த்தார். எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும், பழக்கமில்லாத பிரிவுக்குப் போகிறவர் மறுபடியும் முதல் படிக்கே இறங்கிவிடக்கூடும் என்கிறார். ஆகவே அது உன் குறை அல்ல.

அவர் சொன்ன இன்னொன்றைத்தான் நான் பணிக்காலம் முழுவதும் கண்ணால் கண்டேன். புதியவர் விதியைப் பார்த்து நடப்பார். தேர்ந்தவர் நோயாளியை மொத்தமாகப் பார்த்துவிடுவார், ஆனால் எப்படித் தெரிந்தது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. "தெரிந்தது, அவ்வளவுதான்" என்பார். குழந்தைகள் வார்டில் ஒரு சிஸ்டர் இருந்தார். நாங்கள் மூன்று பேர் முயன்றும் வெயின் கிடைக்காத கைக்குழந்தைக்கு, கண்ணை ஏறக்குறைய மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவிப் பார்த்து ஒரே குத்தில் மருந்து ஏற்றும் வென்ஃப்ளான் குழாயைப் போட்டுவிடுவார். எப்படி சிஸ்டர் என்றால் சிரிப்பார். ஒரு நாள் அவர் விரலுக்கு அடியிலேயே என் விரலை வைக்க விடச் சொல்லிக் கெஞ்சினேன். மெல்ல அழுத்தி விட்டால் திரும்ப எழும்பும் அந்த மெத்துமெத்துப்பை அப்போதுதான் உணர்ந்தேன். தேர்ந்தவர்களிடம் 'எப்படி' என்று பொதுவாகக் கேட்டால் பயனில்லை; காரியம் நடந்து சூடு ஆறுவதற்குள், "இப்போது எதைப் பார்த்தீர்கள், எதைத் தொட்டீர்கள்" என்று கேட்க வேண்டும்.

வகுப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். எங்களுக்கும் நடந்தன, கையெழுத்து, தேநீர், இரண்டு பிஸ்கட், விளக்கு அணைந்ததும் இரவு டியூட்டி முடித்து வந்தவர்களின் தூக்கம். இதயம் நின்றவரைக் காப்பாற்றப் பயிலும் பொம்மையின் மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தப் பழகியதுகூட, திரும்பச் செய்யாவிட்டால் சில மாதங்களில் மங்கிவிடும். உன் 35 மணி நேரத்தில் 20 மணியாவது பிறரோடு கூடிக் கற்றதாக இருக்க வேண்டும் என்று விதி வைத்தவர்கள் விவரம் தெரிந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். அந்தப் படிவம் கேட்பது என்ன? என்ன நடந்தது, அதிலிருந்து என்ன கற்றாய், உன் வேலையில் எதை மாற்றிக்கொண்டாய், அது உங்கள் நடத்தை விதிகளோடு எப்படிப் பொருந்துகிறது. ஏறக்குறைய இந்த முதல் மூன்று கேள்விகளைத்தான், எந்தப் படிவமும் இல்லாமல், அந்த இன்சார்ஜ் சிஸ்டர் வார்டு வாசலில் நிறுத்தி என்னிடம் கேட்டார். எனக்கு அவர் கிடைத்தது தற்செயல். அடுத்த வார்டில் சேர்ந்தவளுக்கு அப்படி ஒருவர் கிடைக்கவில்லை. அவள் ஓய்வு பெறும்வரை 20 என்றே எழுதினாள். செவிலியர்களைப் பதிவு செய்யும் உங்கள் கவுன்சில் 2016-இல் அதை எல்லோருக்கும் கட்டாயமாக்கியிருக்கிறது. காகித வேலை என்று நீ சலித்துக்கொள்வது புரிகிறது. எழுதியதைப் பதிவு பெற்ற இன்னொருவரோடு உட்கார்ந்து பேசவும் வேண்டும் என்கிறார்களே, அந்தப் பகுதியைக் கடமைக்குக் கையெழுத்து வாங்கிக் கழித்துவிடாதே. கணினி பிழையில்லாமல் எழுதித் தரும். ஆனால் அந்தப் பெரியவரின் தோள்பட்டையை அது பார்த்ததில்லை.

ஐந்தில் நான்கை உன் விருப்பப்படி எழுதிக்கொள். ஒன்றையாவது சரியாகப் போகாத ஒரு நாளைப் பற்றி எழுது. போன கார்த்திகையில், மருந்தின் அளவைப் பற்றி உனக்கு ஐயம் எழுந்தும், மூத்தவர் அவசரத்தில் இருக்கிறார் என்று கேட்காமல் விட்டு, பிறகு மருந்தாளுநர் பிடித்ததாகச் சொன்னாயே, அது போதும். யார் அவசரப்படுத்தினார் என்பதை விட்டுவிடு; உனக்கு ஐயம் எழுந்த கணத்தில் நீ எங்கே நின்றுகொண்டிருந்தாய், கையில் என்ன இருந்தது, வாய் ஏன் திறக்கவில்லை என்பதிலிருந்து தொடங்கு.

எழுதி முடித்ததும், நோயாளியின் பெயரோ படுக்கை எண்ணோ எதுவும் இல்லாமல், எனக்கு ஒருமுறை படித்துக் காட்டு. என்னோடு பேசுவது உங்கள் கவுன்சில் கணக்கில் சேராது என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை இங்கே இரவு ஒன்பது மணிக்கு மேல் கூப்பிடு. விழித்திருப்பேன், அடுப்பிலும் எதுவும் இருக்காது.

உன் அம்மா