துண்டு துண்டாக வரும் வீடியோ: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

இரண்டு வாரமாக ஒரு பேச்சு சுற்றிக்கொண்டிருக்கிறது. எடிட் செய்த வீடியோவை நாங்கள் துண்டுகளாக வெட்டி, இறக்கிக்கொள்ள லிங்க் அனுப்புகிறோம் அல்லவா, அதை "ஜிப் போட்டு அமுக்கி" அனுப்புவதால் படம் மங்கிவிடுகிறதாம். ஒருவர் எழுத, இன்னொருவர் ஃபார்வர்டு செய்ய, நேற்று அது எங்களுக்கே வந்து சேர்ந்தது. லிங்க் திறக்கவில்லை, துண்டு வரவில்லை என்றால் சரி, கேட்டுக்கொள்வோம். ஒரு காட்சியின் நிறத்துக்காக அரை நாள் உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்த்து, படத்தைக் கெடுத்து அனுப்புகிறார்கள் என்றால் வலிக்கத்தான் செய்கிறது.

கோப்புகளைக் கட்டி வெட்ட நாங்கள் பயன்படுத்தும் மென்பொருள் 7-ஜிப். அதில் நாங்கள் வைத்திருப்பது 'ஸ்டோர்' என்ற அமைப்பு. அதில் அமுக்குவதே கிடையாது. வெட்டிக் கட்டுவது மட்டும்தான். எச்.264, எச்.265 என்ற சுருக்கும் முறைகளில் வரும் வீடியோ எல்லாம் ஏற்கெனவே நன்றாகப் பிழிந்த துணி. இன்னும் முறுக்கினாலும் தண்ணீர் வராது. அதிகமாக அமுக்கும் 'அல்ட்ரா' அமைப்பை வைத்தும் ஒருமுறை பார்த்தோம். கம்ப்யூட்டரின் விசிறி இரைந்ததுதான் மிச்சம். அளவு ஒரு சதவீதம்கூட இறங்கவில்லை. அப்படியே அமுக்கியிருந்தாலும், ஜிப், ரார், 7-ஜெட் என்ற கட்டும் வகைகள் மூன்றுமே பிரிக்கும்போது ஒரு பிட் மாறாமல் திருப்பித் தருபவை. உள்ளே சிஆர்சி என்று ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும். பிரித்த பிறகு அது ஒத்துப்போகாவிட்டால் பிழை என்று சொல்லிவிடும். சத்தமில்லாமல் மங்கலான படத்தைத் தராது. பிரித்த வீடியோவை வாட்ஸ்அப்பில் வீடியோவாகவே ஃபார்வர்டு செய்தீர்களா, பாருங்கள். அங்கேதான் அளவு குறைந்து படம் மங்கும். டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும். (யாரையும் குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டிலேயே நடந்திருக்கிறது.)

பின் ஏன் வெட்டுகிறோம்? ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவ் 4 ஜிபி கோப்பையே ஏற்காது. வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட் 2 ஜிபி வரைதான். அதனால் 38 ஜிபி வீடியோ என்றால் 1.9 ஜிபி வீதம் 20 துண்டு, 001 முதல் 020 வரை எண் போட்டிருக்கும். நடுவில் நெட் போனாலும் அந்த ஒரு துண்டை மட்டும் மறுபடி இறக்கினால் போதும்.

போன மாதம் சிலருக்கு 017-ஆம் துண்டை ஏற்றாமலே லிங்க் அனுப்பிவிட்டோம். அது முழுக்க எங்கள் தவறு, மன்னியுங்கள். இப்போது வேறொரு கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் இறக்கி, பிரித்து, ஓட்டிப் பார்த்த பிறகே லிங்க் வெளியே போகிறது.

மற்றபடி எங்களுக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே கதை. ஒரே துண்டை இரண்டு தடவை இறக்கினால் பிரவுசர் பெயருக்கு நடுவில் (1) என்று ஒட்டிவிடும். கெட்டுப்போன பழையதை அழித்ததும் மென்பொருள் 012 எங்கே என்று கேட்கும். அது பக்கத்திலேயே வேறு பெயரில் உட்கார்ந்திருக்கும். அந்த அடைப்புக்குறியையும் அதற்கு முன்னால் உள்ள இடைவெளியையும் அழித்துவிடுங்கள், திறந்துவிடும். எல்லாத் துண்டும் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும். 001-ஐ மட்டும் திறந்தால் மற்றவை தானாக வந்து சேரும். டிஸ்கில் இரு மடங்கு இடம் வேண்டும்: 38 ஜிபிக்கு 76.

இதையெல்லாம் ஃபோனில் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த எங்கள் தம்பி வேறு வேலைக்குப் போய்விட்டார். வேறு ஆள் வரும்வரை மாலையில் மட்டும் கூப்பிடுங்கள். லிங்க் இனி 30 நாளுக்குப் பதில் 10 நாள் இருக்கும்.

20 துண்டையும் இறக்கி, ஒன்று கெட்டுப்போய், அதை மறுபடி இறக்கி, ராத்திரி பதினொரு மணிக்கு "வந்துடுச்சு, நல்லா இருக்கு" என்று ஒரு வரி அனுப்புகிறீர்களே, அந்த வரியை அறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டுவோம். இத்தனை வருடம் எங்களோடு இருப்பதற்கு மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
உங்கள் எடிட்டிங் அறையிலிருந்து