வால்நட் உதிரும் ஊரிலிருந்து

அன்புள்ள சரோஜா,

உன் குரல் பதிவைக் கேட்டேன். முட்டி ஆபரேஷன் முடிந்து மாடிப்படி ஏறுகிறாய் என்பதே பெரிய நிம்மதி. பிசியோதெரபிக்கு மட்டும் மட்டம் போடாதே; உன்னை எனக்குத் தெரியாதா!

பேரப் பிள்ளைகளுக்கு இலையுதிர்கால விடுமுறை. மகன் எங்களைப் பிரான்சின் போர்தோ நகரத்திலிருந்து காரில் அழைத்துவந்து, தொர்தோஞ் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் வாடகைக்கு வீடு எடுத்திருக்கிறான். வெசேர் ஆற்றுக்கு மேலே, குன்றுச் சரிவில் இருக்கிறது. சுவர் கல், கூரையும் கல். ஓட்டுக்குப் பதிலாகத் தட்டைச் சுண்ணாம்புக் கற்களை அடுக்கியிருக்கிறார்கள். அந்தப் பாரத்தைத் தாங்கும் உத்தரங்களைப் பார்த்தால் உன் வீட்டுக்காரர் இடத்தைவிட்டு நகரமாட்டார்.

அமைதியாக இருக்கிறதா என்று கேட்டாய். அதற்குக் குறைவே இல்லை. பகல் 12 மணிக்குக் கதவுகளைச் சாத்தினால் 2 மணிவரை ஊரில் ஈ காக்கை கிடையாது. ரொட்டிக் கடை எப்போதோ மூடிவிட்டதாம். இப்போது ஒரு இயந்திரம் நிற்கிறது, காசு போட்டால் நீள ரொட்டி வருகிறது. மாதா கோயில் மணி ஒவ்வொரு மணி நேரத்தையும் இரண்டு தடவை அடிக்கிறது. வயலில் இருப்பவர் முதல் தடவை எண்ணத் தவறினால் இரண்டாம் தடவை எண்ணிக்கொள்ளலாம் என்றுதானாம். இப்போது எண்ணுவதற்கு வயலில் ஆளைக் காணோம். பாதிரியாரும் பல ஊர்களுக்குச் சேர்த்து ஒருவர்தான். 1905-இல் அரசையும் மதத்தையும் பிரித்ததிலிருந்து இப்படிப்பட்ட பழைய கோயில் கட்டடங்கள் ஊராட்சியின் சொத்து. பூசை நடக்கிறதோ இல்லையோ, கூரை ஒழுகினால் மேயர்தான் பணத்துக்கு அலைய வேண்டும்.

வந்த புதிதில் இந்த அமைதி சுகமாகத்தான் இருந்தது. அப்புறம் ஒருநாள் சதுக்கத்தில் இருக்கும் போர் நினைவுக் கல்லை நின்று படித்தேன். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் பார்த்திருப்பாயே, அதன் ஏழைத் தங்கை மாதிரி ஒன்று. பிரான்சில் இது இல்லாத கிராமம் அபூர்வம். 1914 முதல் 1918 வரை செத்தவர்களின் பெயர்களில் ஒரே குடும்பப் பெயர் மூன்று தடவை வருகிறது. அந்தப் போரில் பிரான்ஸ் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களை இழந்தது. அவர்களில் ஏராளமானோர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். மிஞ்சியவர்களின் பிள்ளைகள் டிராக்டர் வந்த பிறகு நகரத்துக்கு வேலை தேடிப் போனார்கள். நாம் காசு கொடுத்து அனுபவிக்கிற அமைதி இப்படி வந்ததுதான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஒலெரோன் தீவில் மோரிஸ் என்று ஒரு சேவல். விடியற்காலையில் கூவித் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று, அங்கே விடுமுறை வீடு வைத்திருந்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2019-இல் சேவல்தான் ஜெயித்தது! 2021-இல் கிராமத்து ஓசையும் வாசனையும்கூட நாட்டின் பாரம்பரியம் என்று சட்டமே போட்டுவிட்டார்கள். அமைதி வேண்டும் என்று வந்தவர்களுக்கு, மிச்சமிருக்கிற நாலு சத்தமும் பொறுக்கவில்லை பார்.

ஆனால் வால்நட் விழும் சத்தத்தை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இது அதற்கான பருவம். சாலையோரம், தோப்பு, வீட்டுப் பின்கட்டு எங்கும் மரங்கள். பேத்தி பொறுக்கிப் பொறுக்கி விரலெல்லாம் கறுத்துவிட்டது. பச்சைத் தோலின் கறை, சோப்புக்கு மசியவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு எண்பது தாண்டியிருக்கும். என்னோடு சைகையிலும் மகனோடு பிரெஞ்சிலும் நிறையப் பேசுகிறார். அவர் சின்ன வயதில் குளிர்கால இரவுகளில் ஊரே ஒரு வீட்டில் கூடுமாம். மரச் சுத்தியலால் ஓட்டைத் தட்டிப் பருப்பு எடுப்பது, கதை, பாட்டு, ஊர் வம்பு. பருப்பை அரைத்து, லேசாக வறுத்து, அழுத்திப் பிழிவார்கள். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டு கிலோ பருப்பு வேண்டும். இப்போது அவர் ஒரு கூடை பொறுக்கித் தனியாக உட்கார்ந்து உடைக்கிறார். சாயங்காலம் நானும் போய் உட்கார்ந்துகொள்கிறேன். பேச்சு புரியாவிட்டால் என்ன, கை வேலை செய்கிறதே.

ஆதி மனிதர்கள் வரைந்த ஓவியங்கள் இருக்கும் லாஸ்கோ குகை பக்கத்தில்தான். அதை 1963-இலேயே பொதுமக்களுக்கு மூடிவிட்டார்கள். கூட்டம் விட்ட மூச்சிலேயே ஓவியங்கள் கெடத் தொடங்கின. நாங்கள் பார்த்தது நகல். நகல் என்று தெரிந்தும் அந்தக் காளைகளின் முன் பேச்சு வரவில்லை.

நேற்று நவம்பர் 1, கல்லறைத் திருநாள் போலத்தான் இங்கே. ஒரு வாரமாகக் கடையெங்கும் சாமந்தித் தொட்டிகள். இங்கே சாமந்தி கல்லறைக்கான பூ. யார் வீட்டுக்காவது கொண்டுபோனால் முகம் சுளிப்பார்களாம். பூட்டிக் கிடந்த வீடுகளின் ஜன்னல்கள் திறந்தன, வெளியூர் கார்கள் வந்தன, இடுகாட்டில் நிற்க இடமில்லை. பாட்டியின் மகன் துலூஸிலிருந்து வந்தான். மத்தியானம் சாப்பிட்டான், மாலையில் கிளம்பிவிட்டான்.

உனக்கு வால்நட் எண்ணெய் ஒரு டின் வாங்கி வைத்திருக்கிறேன். தாளிக்காதே, சூடு பட்டால் கசக்கும். பச்சைக் காய்கறி மேல் சும்மா ஊற்றிக்கொள். பொங்கலுக்கு முன்பே திருச்சி வந்துவிடுவேன். மருமகளின் மாற்றல் விஷயம் என்ன ஆயிற்று? அதைப் பற்றி நீ ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

உன்,
பத்மா