சண்டர்லாந்து அணிக்காக எங்களோடு விழித்திருந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

கொட்டாஞ்சேனை, கொழும்பு 13
ஜூலை 2025

அன்புடையீர்,

சண்டர்லாந்து உதைபந்தாட்டக் கழகம் எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு இங்கிலாந்தின் முதற் பிரிவான பிரீமியர் லீக்குக்குத் திரும்பியிருக்கிறது. கடந்த மே 24ஆம் திகதி லண்டனின் வெம்பிளி மைதானத்தில், அங்கே ஏறுவதற்கு மிஞ்சியிருந்த ஒரே இடத்துக்காக ஷெஃபீல்ட் யுனைடெட் அணியை 2-1 என்று வென்ற அந்த இறுதிப் போட்டியை உலகெங்கும் பல்லாயிரம் பேர் பார்த்திருப்பார்கள். ஆனால் அதை கொட்டாஞ்சேனையில் ஒரு சிறு கூட்டமாக நாங்கள் ஒன்றாக இருந்து பார்ப்பதற்காகத் தங்கள் உறக்கத்தையும் இடத்தையும் வருமானத்தையும் விட்டுக்கொடுத்தவர்களில் பெரும்பாலானோருக்கு அந்த ஊர் எங்கே இருக்கிறது என்பதுகூடத் தெரியாது. அவர்களுக்கு வாய்மொழியாகச் சொன்ன நன்றி போதாது என்று எங்கள் எல்லோருக்கும் பட்டதால் இதை எழுதுகிறேன். அடுத்த பருவத்தில் நாங்கள் எதை எதிர்பார்க்கிறோம் என்பதையும் அவர்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். ஏனென்றால் அந்த எதிர்பார்ப்பின் பாரத்தில் ஒரு பங்கு மீண்டும் அவர்கள் தலையில்தான் விழப்போகிறது.

“கொழும்பில் இருக்கிற உங்களுக்கும் அந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்?” என்று பலர் கேட்டிருக்கிறார்கள். என் தந்தையார் கொழும்புத் துறைமுகத்தில் சரக்குக் கணக்கெழுதும் வேலையில் இருந்தவர். கப்பல்களில் ஏறி இறங்கும்போது, அவற்றைக் கட்டிய தளத்தின் பெயரும் ஊரும் ஆண்டும் பொறித்த பித்தளைத் தகட்டை வாசிப்பது அவருக்குப் பழக்கம். அந்தத் தகடுகளில் அடிக்கடி வந்த ஊர்ப் பெயர் சண்டர்லாந்து. வியர் ஆற்றின் கரையில் அந்த ஊரார் கட்டிய கப்பல்கள் உலகின் எல்லாத் துறைமுகங்களுக்கும் சென்ற காலம் அது. 1973 மே மாதத்தில், இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த சண்டர்லாந்து, எஃப்.ஏ. கிண்ண இறுதியில் அன்றைய பெரும் அணியான லீட்ஸ் யுனைடெட்டை இயன் போர்ட்டர்ஃபீல்ட் அடித்த ஒரே கோலால் வென்ற செய்தியை வானொலியில் கேட்ட அப்பா, “நம்முடைய கப்பல்காரர்கள் வென்றுவிட்டார்கள்” என்று சொன்னாராம். அந்த ஊரின் கடைசிக் கப்பல் கட்டும் தளங்கள் 1988இல் மூடப்பட்டன. 1993இல் மூடப்பட்ட மொங்க்வியர்மவுத் நிலக்கரிச் சுரங்கம் இருந்த இடத்தில்தான் 1997இல் இன்றைய மைதானம் எழுந்தது. சுரங்கத் தொழிலாளர் ஏந்திய விளக்கின் நினைவாக அதற்கு ‘ஸ்டேடியம் ஒஃப் லைட்’ என்று பெயரிட்டார்கள். தொழில்கள் எல்லாம் போன பிறகு அந்த ஊருக்கு மிஞ்சியிருப்பது இந்த அணி என்று அப்பா சொல்வார். அந்தப் பிடிப்பு எனக்கும், என்னிடமிருந்து எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகளுக்கும் தொற்றிக்கொண்டது.

2017இல் 24 புள்ளிகளோடு பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கினோம். அடுத்த ஆண்டே மூன்றாம் நிலைக்கும் இறங்கினோம். அங்கே நான்கு பருவங்கள். 2019இல் ஒரே பருவத்தில் இரு முறை வெம்பிளிக்குச் சென்று இரு முறையும் தோற்றுத் திரும்பினோம். இரண்டாவது முறை சார்ல்டன் அணியின் கோல் ஆட்டத்தின் கடைசி நொடிகளில் விழுந்தது. அந்த இரவுக்குப் பிறகு எங்களில் சிலர் வேறு அணிகளின் பக்கம் போனதை நான் குறையாகச் சொல்லவில்லை. தங்கியிருந்தவர்களைத் தாங்கியவர்கள் யார் என்பதைத்தான் இங்கே சொல்ல வேண்டும்.

முதல் நன்றி தேநீர்க்கடை நானாவுக்கு. அந்த இடத்துக்காகக் கொவென்ட்ரி அணியுடன் இரண்டு ஆட்டங்களாக நடந்த அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம் மே 13ஆம் திகதி இரவு. நம் நேரப்படி 14ஆம் திகதி அதிகாலை பன்னிரண்டரைக்குத் தொடக்கம். பத்து மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு, சுபஹுத் தொழுகைக்கு எழும்பும் மனிதர் அவர். நாங்கள் கேட்கத் தயங்கி நின்றபோது, “பிள்ளைகள் ரோட்டில் நிற்கக் கூடாது” என்று சொல்லி, இரும்புக் கதவைப் பாதிக்கு இறக்கிவிட்டு, உள்ளே எங்களுக்கு இடம் தந்தார். லீக்கின் கடைசி ஐந்து ஆட்டங்களிலும் தோற்று, நான்காம் இடத்தில் முடித்து அந்த அரையிறுதிக்கு வந்திருந்த அணி எங்களுடையது. முதல் ஆட்டத்தை 2-1 என்று வென்றிருந்தும், 76ஆவது நிமிடத்தில் கொவென்ட்ரி ஒரு கோல் போட்டு இரு ஆட்டங்களின் கூட்டுக் கணக்கைச் சமப்படுத்தியபோது கடைக்குள் ஒரு சத்தமும் இல்லை. நானா ஒன்றும் பேசாமல் எழுந்து கேத்தலை மறுபடியும் அடுப்பில் ஏற்றினார். இஞ்சியைக் கல்லில் வைத்துத் தட்டும் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. மேலதிக நேரமும் முடிந்து, 122ஆவது நிமிடத்தில் என்ஸோ லெ ஃபே அடித்த கோர்னரை டான் பலார்ட் தலையால் முட்டி வலைக்குள் அனுப்பியபோது என் கையிலிருந்த பிளேன்டீ முழுவதும் நானாவின் மேசைவிரிப்பில் கொட்டியது. அந்தக் கறை இன்னும் போகவில்லை. அவர் அதை மாற்றவும் விடவில்லை.

அப்போது அதிகாலை மூன்று மணி. வெசாக் முடிந்த இரவு. ஒழுங்கையில் கூடுகள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. நாங்கள் எழுப்பிய கூச்சலைக் கேட்டு, யாருக்கோ விபத்து என்று நினைத்து, எதிர்வீட்டுச் சிங்கள அக்கா டோர்ச் லைட்டோடும் ஒரு போத்தல் தண்ணீரோடும் ஓடிவந்தார். காரணத்தைச் சொன்னபோது அவர் கோபித்திருந்தால் அது முழு நியாயம். அவரோ, “வென்றுவிட்டீர்களா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். காலையில் வாழையிலையில் பாற்சோறு வந்தது. நல்ல காரியத்துக்கென்று சமைப்பதை, தனக்குத் தெரியாத ஓர் அணிக்காகச் சமைத்துத் தந்த அக்காவுக்கு நாங்கள் என்றென்றும் கடன்பட்டவர்கள்.

இறுதிப் போட்டிக்கு ஆலய மண்டபத்தைத் தந்த பங்குத்தந்தைக்கும், கதிரைகளை அடுக்கிய இளைஞர் மன்றத்துப் பிள்ளைகளுக்கும், புரொஜெக்டரைக் கூலி வாங்காமல் தந்த அச்சகத்து அண்ணாவுக்கும் நன்றி. ஆட்டம் முடிந்ததும் மட்டக்குளிக்கும் வெள்ளவத்தைக்கும் போக வேண்டியவர்களைப் பெற்றோல் காசு மட்டும் வாங்கிக்கொண்டு வீடு சேர்த்த முச்சக்கரவண்டித் தம்பிக்கும் நன்றி.

அன்றைய நிகழ்ச்சியில் ஒருவரைப் பற்றிக் கட்டாயம் விரிவாகச் சொல்ல வேண்டும். 25ஆவது நிமிடத்தில் டைரீஸ் காம்ப்பெல் போட்ட கோலால் நாங்கள் பின்தங்கியிருந்தோம். இரண்டாம் பாதியின் நடுவில் மண்டபத்தின் இணையத் தொடர்பு நின்றுவிட்டது. திரையில் ஒரு வட்டம் சுழன்றுகொண்டிருந்தது. பின்வரிசையில் தம்பிக்குத் துணையாக வந்து, மடியில் உயர்தர வினாத்தாள் புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி எழுந்து வந்து, தன் ஒன்லைன் வகுப்புகளுக்காக வைத்திருந்த டேட்டாவைத் தந்தார். ஹொட்ஸ்பொட் இணைந்து படம் திரும்பிய சற்று நேரத்தில், 76ஆவது நிமிடத்தில், பட்ரிக் ரொபர்ட்ஸ் கொடுத்த பந்தை எலியேசர் மயெண்டா வலையின் மேற்பகுதிக்குள் அடித்தார். மேலதிகமாகச் சேர்க்கப்பட்ட நேரத்தின் ஐந்தாவது நிமிடத்தில், பிரைட்டன் அணிக்குப் போவது ஏற்கெனவே முடிவாகிவிட்ட 19 வயது டொம் வட்சன், எங்கள் அணிக்காக ஆடிய கடைசி ஆட்டத்தில், தூரத்திலிருந்து இரண்டாவது கோலைப் போட்டார். அந்தத் தங்கை அந்த மாதத்துக்குத் தேவையான டேட்டாவை எங்களுக்காக இழந்தார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். ஆனால் அந்த இருபது நிமிடங்களை எதைக் கொண்டும் திருப்பிக் கொடுக்க முடியாது.

சண்டர்லாந்திலேயே தாதியாக வேலை செய்யும் எங்கள் ஊர் அக்கா, சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டைகளைச் சிறு அளவுகளில் தேடி வாங்கி, விடுமுறையில் வந்த ஒருவரின் பெட்டியில் இடம் கேட்டு அனுப்பியிருந்தார். எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் அவற்றைத் துவைக்கக்கூடத் தாய்மாரிடம் கொடுக்க மறுத்தார்கள். அந்தத் தாய்மாருக்கும் நன்றி.

இனி அடுத்த பருவம். ‘வென்றுவிட்டீர்கள், இனிக் கிண்ணம் எப்போது?’ என்று எங்களுக்கு உதவியவர்கள் அன்போடு கேட்கிறார்கள். அவர்களுக்கு உண்மையைச் சொல்லாமல் விடுவது நன்றிகெட்ட செயல். பிரீமியர் லீக்கில் இருபது அணிகள், ஆளுக்கு 38 ஆட்டங்கள். கடைசி மூன்று அணிகள் இறங்க வேண்டும். கடந்த இரண்டு பருவங்களிலும், புதிதாக ஏறிய மூன்று அணிகளும் அதே ஆண்டில் இறங்கிவிட்டன. சென்ற பருவத்தில் லெஸ்டர் 25 புள்ளிகள், இப்ஸ்விச் 22, சவுத்ஹாம்ப்டன் 12. அதற்கு முந்தைய பருவத்தில் லூட்டன் 26, பேர்ன்லி 24, ஷெஃபீல்ட் யுனைடெட் 16. மேலே இருப்பவர்களின் பணபலத்துக்கும் ஏறி வருபவர்களின் பணபலத்துக்கும் இடைவெளி அவ்வளவு பெரிதாகிவிட்டது. எங்கள் சொந்த வரலாறும் ஆறுதல் தருவதில்லை: 2003இல் 19 புள்ளிகளோடும், 2006இல் 15 புள்ளிகளோடும் இறங்கியவர்கள் நாங்கள். அந்த 2006 பருவம் முழுவதிலும் சொந்த மைதானத்தில் கிடைத்தது ஒரே ஒரு வெற்றி.

ஆகவே எங்கள் எதிர்பார்ப்பு 17ஆம் இடம். நாற்பது புள்ளிகள் எடுத்தால்தான் தப்பலாம் என்று பழைய இரசிகர்கள் சொல்வார்கள். ஆனால் சென்ற பருவத்தில் டொட்டன்ஹாம் 17ஆம் இடத்தில் 38 புள்ளிகளோடு நின்றபோது, அடுத்த இடத்திலிருந்து இறங்கிய லெஸ்டருக்கு 25 புள்ளிகளே இருந்தன. என் கணக்கில் ஒன்பது வெற்றிகளும் ஒன்பது சமநிலைகளும் கிடைத்தால் 36 புள்ளிகள்; அது போதும் என்று நம்புகிறேன். அவற்றில் பெரும்பகுதியைச் சொந்த மைதானத்தில் எடுக்க வேண்டும். ஏறத்தாழ 49,000 பேர் அமரும் அந்த மைதானம் மூன்றாம் நிலையில் ஆடிய காலத்திலும் வெறிச்சோடிப் போகவில்லை.

எங்களுக்குள்ளே கருத்து ஒன்றாக இல்லை என்பதையும் மறைக்க வேண்டாம். இளையவர்கள் பத்தாம் இடத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். எங்கள் நடுக்கள வீரர் ஜோப் பெல்லிங்ஹாம் ஜெர்மனியின் டோர்ட்முண்ட் அணிக்குப் போய்விட்டதை நினைத்து மூத்தவர்கள் கலங்குகிறார்கள். லெ ஃபே நிரந்தரமாக எங்களோடு தங்கியிருப்பதை நான் பெரிய பலமாகக் கருதுகிறேன். பயிற்றுவிப்பாளர் ரெஜிஸ் லெ ப்ரிஸ் இங்கே வருவதற்கு முன் பிரான்ஸில் லோரியோன் அணியோடு முதற் பிரிவிலிருந்து இறங்கிய வேதனையை அறிந்தவர். தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் தோற்ற அணியை ஒரு மாதத்துக்குள் வெம்பிளியில் நிமிர்த்தியவரும் அவரே. ஒக்டோபரில் அணி அடிமட்டத்தில் கிடந்தாலும் அவரை மாற்றச் சொல்லி எங்களில் யாரும் குரல் எழுப்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இதை எங்கள் கூட்டத்தில் சொல்லிவிட்டேன்; இங்கும் எழுதிவைக்கிறேன்.

எல்லோரும் ஒன்றாக நிற்கும் ஒரே இடம், எங்கள் அணியின் அயலூர்ப் பரம எதிரியான நியூகாசல். 2016க்குப் பிறகு முதன்முறையாக இரு அணிகளும் லீக்கில் மோதப்போகின்றன. 2013 முதல் 2015 வரை ஆறு முறை தொடர்ந்து அவர்களை வென்றோம். இப்போதோ அவர்கள் லீக் கிண்ணத்தை வென்று, ஐரோப்பாவின் சிறந்த கழகங்கள் மோதும் சம்பியன்ஸ் லீக்குக்கும் போகிறார்கள். சொந்த மண்ணில் அவர்களிடம் தோற்காமல் இருந்தால், மற்ற 37 ஆட்டங்களின் துயரத்தைத் தாங்கிக்கொள்வேன் என்று எங்கள் கூட்டத்தின் மூத்தவர், எழுபது கடந்தவர், சொல்கிறார்.

எனவே உங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. நாங்கள் பல இரவுகளில் தலைகுனிந்து வீடு திரும்புவோம். ஒக்டோபர் முடிவில் இங்கிலாந்தில் நேரம் மாறியதும், அவர்களுடைய இரவு எட்டு மணி ஆட்டம் நமக்கு அதிகாலை ஒன்றரைக்குத் தொடங்கும். பரீட்சை எழுதும் பிள்ளைகளை அந்த ஆட்டங்களுக்கு அழைக்க மாட்டோம் என்று பெற்றோருக்கு வாக்களிக்கிறோம். கோல் விழுந்தாலும் சத்தம் போட மாட்டோம் என்று எதிர்வீட்டு அக்காவுக்கு வாக்களிக்க முயல்கிறோம்.

முதல் ஆட்டம் ஆகஸ்ட் 16ஆம் திகதி, சனிக்கிழமை, சொந்த மைதானத்தில் வெஸ்ட் ஹாம் அணியோடு. நம் நேரப்படி இரவு ஏழரை மணி. நானா கடையைத் திறந்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். கதிரைகளை நாங்களே கொண்டுவருவோம். மேசைவிரிப்பும் ஒன்று புதிதாக வாங்கி வைத்திருக்கிறோம்.

நன்றியுடன்,
கொட்டாஞ்சேனைச் சண்டர்லாந்து இரசிகர்கள் சார்பில்