படத்தை முடிக்க விடுங்கள்: எங்கள் திரைப்பட வட்ட நிர்வாகிகளுக்கு

நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

சனிக்கிழமை 'தி கிரீன் நைட்' படத்தை முடிவதற்கு முன்பே நிறுத்திவிட்டீர்கள். நடந்தது உங்களுக்கே தெரியும், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் படத்தை இன்னொரு முறை, கடைசி வரை போடுங்கள்.

130 நிமிடப் படத்தின் நடுவில் டீக்காக அரை மணி நேரம் விட்டீர்கள், சரி, போகட்டும். ஆனால் ஹால் நேரம் முடிகிறது என்று எந்த இடத்தில் விளக்கைப் போட்டீர்கள்? ஆர்தர் மன்னனின் மருமகன் கவெய்ன், தான் கொடுத்த வெட்டைத் திருப்பி வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொண்டிருந்தும், பச்சை வீரனின் கோடரிக்குப் பயந்து ஓடி, ஊர் திரும்பி, ராஜாவாகி, மகனைப் போரில் பறிகொடுத்து, கோட்டைக்கு வெளியே எதிரிகள் சூழ்ந்து நிற்கும்போது தனியாக அரியணையில் உட்கார்ந்திருக்கிறான். வசனமே இல்லாத அந்தப் பகுதி முழுக்க அவன் மனதுக்குள் ஓடுவது. சற்று நேரத்தில் பார்த்தால் அவன் இன்னும் கோடரிக்கு முன்னால்தான் இருக்கிறான். உயிரைக் காக்கும் என்று இடுப்பில் கட்டியிருந்த பச்சைக் கச்சையைத் தானே அவிழ்த்துவிட்டு, இப்போது தயார் என்கிறான். இந்தப் படத்துக்கு மூலமான 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிதையில் கச்சையோடுதான் வெட்டுக்குக் குனிவான், அதை மறைத்ததற்காகக் கழுத்தில் ஒரு கீறல் வாங்கி அவமானத்தோடு ஊர் திரும்புவான். இயக்குநர் டேவிட் லோவரி துணிந்து மாற்றிய இடம் அது. அதைத்தான் நீங்கள் அணைத்துவிட்டீர்கள். ஒரு கோழை ராஜாவான கதை என்று நினைத்துக்கொண்டு எத்தனை பேர் வீட்டுக்குப் போனார்களோ. "இதுக்கா வந்தோம்?" என்று கேட்ட ஒரு அக்காவுக்கு மீதிக் கதையை வாசலில் நின்று சொன்னேன். சினிமாவை வாயால் சொல்லியா காட்டுவது?

இதற்குப் பிறகு, ஸ்லோ படங்கள் இனி வேண்டாம் என்று குழுவில் ஒரு அறிவிப்பு வேறு. இந்தப் படம் 2021இல் அமெரிக்காவில் வெளியானபோது விமர்சகர்கள் கொண்டாடினார்கள், ஆனால் முதல் நாள் பார்த்தவர்கள் சினிமாஸ்கோர் என்ற ரசிகர் கருத்துக்கணிப்பில் சி பிளஸ் என்ற சுமாரான மதிப்பெண்தான் போட்டார்கள். ஆர்தர் கதை, வாள்சண்டை இருக்கும் என்று நம்பிப் போனவர்களுக்கு ஏமாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் முழுசாகப் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றார்கள். நம் உறுப்பினர்களுக்கு அந்த உரிமைகூடக் கிடைக்கவில்லையே!

இது இந்த ஒரு படத்தோடு நிற்கிற விஷயமும் இல்லை. எந்தப் படமானாலும் பெயர்கள் ஓடத் தொடங்கியதும் நாற்காலியை மடக்குகிறீர்கள். இந்தப் படத்தில் பெயர்கள் ஓடி முடிந்த பிறகு ஒரு சின்னப் பெண் கிரீடத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொள்கிறாள். சந்தா கட்டுகிறவர்கள் அதையும் பார்க்க வேண்டாமா?

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் ஹாலை ஒரு மணி நேரம் கூடுதலாக எடுங்கள். அதற்கான வாடகையில் என் பங்கைத் தருகிறேன். படம் முடியும்வரை விளக்கைப் போடாதீர்கள், தயவுசெய்து.