டெராவுக்காக ஒரு பக்கம்: டிசி காமிக்ஸ் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய டிசி காமிக்ஸ் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ‘தி ஜூடாஸ் கான்ட்ராக்ட்’ கதையை உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. 1984-இல் மார்வ் வுல்ஃப்மேனும் ஜார்ஜ் பெரெஸும் உங்களுக்குச் செய்து கொடுத்தது. நாற்பது வருஷமாகத் திரும்பத் திரும்ப அச்சாகிறது, இனியும் அச்சாகும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த முறை அதை அச்சிடும்போது, கதை தொடங்கும் முன் ஒரே ஒரு பக்கம் சேருங்கள். டீன் டைட்டன்ஸ் என்ற இளம் நாயகர் குழுவுக்குள் இருந்துகொண்டு ஸ்லேட் வில்சனுக்காக வேவு பார்த்த டெரா, அதாவது டாரா மார்கோவ், 16 வயதுப் பெண் என்பதை அதில் எழுதுங்கள். ஸ்லேட் வில்சன் வளர்ந்த பிள்ளைகளைப் பெற்ற ஒரு கூலிக் கொலைகாரன் என்பதையும், அவர்கள் இருவருக்கும் நடுவில் நடந்ததற்கு யார் பொறுப்பு என்பதையும் எழுதுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

இத்தனை வருஷம் கழித்து இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், என் அக்கா மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். வயது 15. என் அலமாரியிலிருந்து அந்தத் தொகுப்பை அவளாகவே எடுத்து இரண்டு நாளில் படித்து முடித்தாள். மூன்றாம் நாள் காலையில் அடுப்படியில் வந்து நின்றுகொண்டு, “சித்தி, அந்த ஆளை யாருமே ஒண்ணும் கேக்க மாட்டாங்களா?” என்றாள். “கேப்பாங்கடி, இதுக்கப்புறம் 55-ஆவது இதழ்ல கார் லோகன் அவனைத் தேடிப் போவான்” என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன். ஏனென்றால் அந்த இதழில் என்ன நடக்கிறது என்று எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. டெராவை நேசித்த டைட்டன் கார், ஸ்லேடைக் கொல்லப் போகிறான். போனவன், கடைசியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அவனோடு உட்கார்ந்து காபி குடித்தபடி பேசுகிறான். பேசி முடித்ததும் கோபம் தணிந்து எழுந்து வந்துவிடுகிறான். அவ்வளவுதான். அவளிடம் இதை எப்படிச் சொல்வது?

நான் இந்தக் கதையை முதலில் படித்தபோது கல்லூரியில் இருந்தேன். அப்போது நானும் டெராவைத்தான் திட்டினேன். கூட இருந்து குழி பறித்தவள் என்று. காமிக்ஸில் சொந்தக் குழுவுக்கே எதிராகத் திரும்பியவர்கள் யார் யார் என்று பேச்சு வரும்போதெல்லாம் முதல் பெயராக அவளைத்தான் சொல்வேன். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், நீங்களும் அவளை அப்படித்தான் வைத்திருக்கிறீர்கள். அக்கா மகள் கேட்ட பிறகு அன்றிரவே உட்கார்ந்து மறுபடி படித்தேன். இந்தத் தடவை எனக்குத் தெரிந்தது வேறு கதை.

கதையின் வேலைப்பாட்டை நான் குறை சொல்லவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1982 கடைசியில், ‘தி நியூ டீன் டைட்டன்ஸ்’ 26-ஆவது இதழில் அவளைக் கொண்டுவந்தார்கள். பெரெஸ் அவளைக் கவர்ச்சிப் பதுமையாக வரையவில்லை. முன்பல் கொஞ்சம் எடுப்பாக, அடுத்த வீட்டுப் பெண் போல வரைந்தார். வாயாடி, சட்டென்று கோபம் வரும், மண்ணையும் பாறையையும் ஆட்டிவைக்கும் சக்தி. 34-ஆவது இதழில் அவள் ஸ்லேடின் ஆள் என்பது வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது, டைட்டன்களுக்குத் தெரியாது. அதற்கப்புறம் அவர்கள் சிரித்துப் பேசும் ஒவ்வொரு கட்டமும் நமக்கு வயிற்றைப் பிசையும். எப்படியும் மனம் மாறிவிடுவாள் என்று வாசகர்கள் காத்திருந்தார்கள். மாறவே மாட்டாள் என்று படைத்தவர்கள் தொடக்கத்திலேயே முடிவு செய்திருந்தார்கள். அதைச் செய்யத் துணிச்சல் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் முதல் பாகத்தின் தலைப்பை நினைத்துப் பாருங்கள்: ‘டாரா மார்கோவின் கண்கள்’. அவள் கண்ணில் கான்டாக்ட் லென்ஸ் வடிவில் கேமரா. அவள் பார்ப்பதெல்லாம் ஸ்லேடுக்குப் போகிறது. யார் எங்கே தூங்குகிறார்கள், யாருக்கு எது பலவீனம், எல்லாம். நாம் அதைத் துரோகம் என்று படித்தோம். இந்த முறை படிக்கும்போது எனக்குத் தோன்றியது இதுதான்: ஒரு பெரிய மனிதன் ஒரு சின்னப் பெண்ணின் கண்ணைக் கூட அவளுக்கென்று விட்டுவைக்கவில்லை. அந்த லென்ஸைப் போட்டுக்கொண்டு அவள் டைட்டன்ஸ் டவரில் சுற்றுகிறாள், பிறகு அவன் வீட்டில் ஒப்பனையும் சிகரெட்டுமாக, தன் வயதுக்கு இரண்டு மடங்கு காட்டிக்கொள்ளும் கோலத்தில் இருக்கிறாள். அவர்களுக்குள் என்ன உறவு என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை. யாருக்கும் சந்தேகம் மிஞ்சாதபடி காட்டிவிட்டீர்கள்.

அடுத்து, எனக்கு ஆறவே ஆறாத விஷயம். மூன்றாம் பாகம், ‘டேல்ஸ் ஆஃப் தி டீன் டைட்டன்ஸ்’ 44-ஆவது இதழ். பேட்மேனின் ராபினாக இருந்த டிக் கிரேசன் நைட்விங் ஆன இதழ் என்று எல்லோருக்கும் அது ஞாபகம் இருக்கும். அந்த இதழில் ஸ்லேடின் முன்னாள் மனைவி அடலைன் உட்கார்ந்து ஸ்லேடின் வாழ்க்கையையே சொல்கிறாள். ராணுவத்தில் சேர்ந்தது, கல்யாணம், அவன் உடம்பில் நடந்த சோதனை, கூலிக் கொலைக்குப் போனது, வாடிக்கையாளர் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று அவன் பிடிவாதம் பிடித்ததில் சின்ன மகன் ஜோசஃபின் கழுத்து அறுபட்டுக் குரல் போனது, ஆத்திரத்தில் அவளே அவனைச் சுட்டு ஒரு கண்ணைப் பறித்தது. அதற்கும் முன்பே, 1980-இல், மூத்த மகன் கிராண்ட் டைட்டன்களோடு மோதிச் செத்ததையும் டைட்டன்களுக்கு எதிரான அவன் ஒப்பந்தத்தை அப்பா தன் தலையில் ஏற்றுக்கொண்டதையும் காட்டியிருந்தீர்கள். ஆக, கொலைகாரனுக்கு ஏன், எப்படி, எதனால் என்று எல்லாமே இருக்கிறது. படித்து முடித்தால் அவன்மேல் இரக்கம் கூட வருகிறது.

டெராவுக்கு? கடைசி பாகத்தில், மூன்றாவது ஆண்டு மலரில், அவள் தன் தலையில் தானே பாறைகளை இழுத்துப் போட்டுக்கொள்ளும் அந்தப் பக்கங்களில், கதைசொல்லி அவள் பெயரையும் வயதையும் சொல்லிவிட்டு, அவளுக்குப் பைத்தியம், அதற்கு அவளைத் தவிர வேறு யாரும் காரணம் இல்லை என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போகிறார்.

வேறு யாரும் காரணம் இல்லையாம். மார்கோவியா மன்னருக்கு முறைப்படி கல்யாணமாகாத உறவில் பிறந்தவள் என்பதால், அரண்மனைக்கு அவமானம் வந்துவிடும் என்று நாட்டை விட்டே அனுப்பப்பட்ட பெண் அவள். இது உங்கள் கதையிலேயே இருக்கிறது. அண்ணன் பிரையன் இளவரசனாக வளர்ந்து, ஜியோ-ஃபோர்ஸ் ஆகி, அவுட்சைடர்ஸ் என்ற நாயகர் குழுவில் மரியாதையோடு இருக்கிறான். அதே அப்பா, ஏறக்குறைய அதே சக்தி. இவளுக்குக் கிடைத்த ஒரே பெரியவர் ஸ்லேட் வில்சன். இதைவிட வேறென்ன காரணம் வேண்டும்? உங்கள் கையில் இருந்த காரணத்தை நீங்களே எடுத்துப் படிக்காமல் வைத்துவிட்டீர்கள் என்பதுதான் என் கோபம்.

அந்தக் காலம் அப்படி என்று சொல்வீர்கள். மன்னிக்கவும், அந்தக் காலம் அப்படி இல்லை. 1971-இல், ‘கிரீன் லான்டர்ன்’ 85, 86 இதழ்களில், டெனிஸ் ஓநீலும் நீல் ஆடம்ஸும் ராய் ஹார்ப்பரை ஹெராயினுக்கு அடிமையானவனாகக் காட்டினார்கள். ராயும் ஒரு டைட்டன்தான். அந்தக் கதை பையனை மட்டும் குற்றம் சொல்லி முடியவில்லை. அவனை வளர்க்க வேண்டிய ஆலிவர் குவீன் எங்கே போயிருந்தார் என்று கேட்டது. கடைசியில் ராய் அவர் முகத்தில் குத்தும்போது வாசகன் ராய் பக்கம் நிற்கிறான். டெராவுக்குப் பதின்மூன்று வருஷம் முன்பே உங்கள் நிறுவனத்தில் இது அச்சாகியிருக்கிறது. பெரியவரைக் கூண்டில் ஏற்ற உங்களுக்குத் தெரிந்துதான் இருந்தது.

போட்டி நிறுவனமான மார்வெலைப் பாருங்கள். 1965-இல், பாறை உடம்புக்காரனாகிப் போன பென் கிரிம் சொந்தக் குடும்பத்துக்கே எதிராகத் திரும்பினான், ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ 41 முதல் 43 வரை. வில்லன் விஸார்ட் அவன் மூளையைக் குழப்பியது ஒரு பக்கம். ஆனால் அதற்கு முந்தைய இதழிலேயே, மறுபடி மனிதனாகி நிம்மதியாக இருந்தவனை, வில்லன் டாக்டர் டூமை அடிக்க ஆள் வேண்டும் என்று குழுத் தலைவர் ரீட் ரிச்சர்ட்ஸ் அவன் சம்மதம் இல்லாமல் கல்லாக மாற்றியிருந்தார். பென் கோபித்துக்கொண்டு வெளியேறியதில் நியாயம் இருந்தது, கதை அதை மறைக்கவில்லை. 1980-இல் எக்ஸ்-மென் குழுவின் ஜீன் கிரே ஒரு நட்சத்திரத்தையே விழுங்கி 500 கோடி உயிர்களை அழித்தாள். அவளுக்காகக் கூட எக்ஸ்-மென் நிலவில் நின்று சண்டை போட்டார்கள். ஆறே வருஷத்தில், அது ஜீனே இல்லை என்று அவளைக் கழுவித் துடைத்து மீட்டுக்கொண்டார்கள். அது சரியா என்பது வேறு பேச்சு. ஆனால் அங்கே அந்தப் பெண்ணுக்காக வாதாட ஆள் இருந்தார்கள். உங்கள் டெராவுக்காக ஒரு ஆள் வாதாடவில்லை. அவளைக் கௌரவமாகப் புதைத்தார்கள், அவள் வீராங்கனையாகச் செத்தாள் என்று அண்ணனிடம் உண்மையை மறைத்தார்கள். அவளுக்கு என்ன நடந்தது என்று அங்கே நின்ற ஒருவர் வாயிலும் வரவில்லை.

ஸ்லேடுக்கு 1991-இல் சொந்தமாக ஒரு மாத இதழே கிடைத்தது. 60 இதழ்கள் ஓடியது. இதைத் தட்டச்சு செய்யும்போதே எனக்குக் கை நடுங்குகிறது. அவனை நாயகனாக்கியதைப் பற்றி இன்னும் நிறைய எழுதலாம். கொலைகாரர்களுக்குக் கறுப்பும் ஆரஞ்சுமாக உடை போட்டு, கண்ணியம், வாக்குத் தவறாமை என்று சொல்லிச் சொல்லி இந்தத் தொழிலே எத்தனை பேரைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது என்றும் எழுதலாம். வேண்டாம். கேட்க வந்ததை விட்டுவிட்டு எங்கேயோ போகிறேன்.

நான் கேட்க வந்தது ஒரு பக்கம். அச்சான கதையில் ஒரு எழுத்தைக் கூட மாற்றச் சொல்லவில்லை, அந்தத் தீர்ப்பு வரியை அழிக்கவும் சொல்லவில்லை. அது இருக்கட்டும், 1984-இல் நாம் எல்லோரும் எப்படி யோசித்தோம் என்பதற்கு அது சாட்சி. டெராவை நல்லவளாக்கவும் சொல்லவில்லை. அவள் டைட்டன்களைப் பிடித்துக் கொடுத்தாள், கொல்லவும் பார்த்தாள், அது பொய்யாகாது. 2004-இல் வந்த தொலைக்காட்சித் தொடரில், தன் சக்தியைக் கண்டே பயப்படும் பெண்ணாக, கடைசியில் நண்பர்களுக்காகக் கல்லாகிப் போகிறவளாக அவளை மாற்றினார்கள். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் நான் பேசுவது மாற்றி எழுதிய டெராவுக்காக இல்லை. மாறாத, மன்னிப்பும் கேட்காத, அந்த முதல் டெராவுக்காக. கெட்ட பெண்ணாக இருந்தாலும் 16 வயது 16 வயதுதான். அவளிடம் போன ஆணின் தவறு அவள் நல்லவளா கெட்டவளா என்பதைப் பொறுத்துக் குறையாது.

பெரெஸ் 2022-இல் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த முகத்தை அவ்வளவு அன்போடு வரைந்தவர் அவர். அந்தப் பக்கத்தை எழுத யாரைக் கேட்பது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். வுல்ஃப்மேனையே கேட்டால் அதைவிட நல்லது. நீளமாக வேண்டாம், பெரிய வார்த்தைகளும் வேண்டாம். இவள் சிறுமி, இவன் பெரியவன், இது இவன் செய்த குற்றம், இந்தக் கதை வந்தபோது நாங்கள் அதைச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறோம். இவ்வளவு போதும்.

என் அக்கா மகள் புத்தகத்தைத் திருப்பி அலமாரியில் வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். அவளுக்கு ஒரு தங்கை இருக்கிறாள், 12 வயது. இப்போதே அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். இன்னும் இரண்டு வருஷம் கழித்துத் தருகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதற்குள் அந்தப் பக்கத்தோடு ஒரு புதிய பதிப்பு வந்தால், பழையதை எடுத்து வைத்துவிட்டு அதை வாங்கிக் கொடுப்பேன். தயவுசெய்து பரிசீலியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி ஒருத்தி