ஒளிப்பதிவுக்கு ஒரு வரி போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் இதழின் திரைவிமர்சனங்களை விடாமல் படிக்கிறேன். கதை, நடிப்பு, பாட்டு எல்லாவற்றையும் அலசிவிட்டு, 'பொள்ளாச்சியின் பசுமையை அள்ளித் தருகிறது கேமரா' என்று ஒளிப்பதிவை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பொள்ளாச்சிக்காரனான எனக்கு இது வருத்தம். பசுமை இங்கே அது பாட்டுக்குக் கிடக்கிறது. அதில் எதைப் பிரேமுக்குள் வைப்பது, எதை வெளியே விடுவது என்று ஒருவர் முடிவெடுக்கிறாரே, அதை எழுத வேண்டாமா?

உச்சிவெயிலில் தென்னந்தோப்புக்குள் நின்று பாருங்கள். ஓலை இடுக்கில் வெயில் திட்டுத்திட்டாக விழும். நெற்றி வெளுத்துப்போகும், கண் இருட்டில் கிடக்கும். அதனால்தான் மேலே வெள்ளைத் துணி கட்டி வெயிலை மட்டுப்படுத்துகிறார்கள். பக்கத்தில் தெர்மாகோல் பிடித்து முகத்துக்கு வெளிச்சம் ஏற்றுகிறார்கள். ஆனி, ஆடியில் மேகம் வந்து வந்து போகும். ஒரு ஷாட் வெயிலும் அடுத்தது நிழலுமாகிவிடாமல் காத்திருந்து எடுக்க வேண்டும்.

அப்புறம் லென்ஸ். அதே தோப்பை, அகலமாகக் காட்டும் வைட் லென்ஸில் எடுத்தால் மரவரிசை விலகி ஓடும். நடுவில் நிற்பவர் தனித்துப்போவார். தள்ளி நின்று, தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் டெலி லென்ஸில் எடுத்தால் மரங்களெல்லாம் நெருங்கி அவர் முதுகுக்குப் பின்னால் சுவராக நிற்கும். தோப்பு ஒன்றுதான். முதலாவதில் ஏக்கம் தெரியும், இரண்டாவதில் மூச்சு முட்டும்.

1992-இல் வந்த 'தேவர் மகன்' படத்தைப் பொள்ளாச்சிப் பக்கம்தான் எடுத்தார்கள். கதையோ தென்மாவட்டத்துக் கதை. பி.சி.ஸ்ரீராமின் ஒளிப்பதிவில் அதைப் பார்க்கும்போது எங்கள் ஊர் என்பதே எனக்கு மறந்துவிடும்.

இப்போது டிரோன் வந்த பிறகு, எந்தப் படமானாலும் தோப்புக்கு மேலே ஒரு சுற்று. மேலிருந்து பார்த்தால் எல்லாத் தோப்பும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கொங்கு என்றால் பச்சை மட்டும்தானா? காங்கேயம், தாராபுரம் பக்கம் கிளுவை வேலி போட்ட கொறங்காடுகள், அதாவது மேய்ச்சல் காடுகள், கிடக்கின்றன. அங்கே கேமராவைத் தரையோடு வைத்துச் சற்றே மேல்நோக்கினால் பிரேமில் முக்கால்வாசி வானம்தான். கீழே ஒரு வெள்வேல மரம், ஒரு காளை. வறண்ட காட்டில் பாடுபடும் குடும்பத்தின் கதைக்கு அதைவிட என்ன வேண்டும்?

விமர்சகர்கள் ஒரே ஒரு காட்சியையாவது எடுத்துக்கொண்டு, கேமரா எங்கே நின்றது, ஏன் அங்கே நின்றது என்று நாலு வரி எழுதட்டும். எங்கள் பக்கம் படப்பிடிப்பு நடந்தால், நடிகரை விட்டுவிட்டுக் கேமராவுக்குப் பின்னால் போய் நிற்கிற பையன்கள் உண்டு. அவர்களும் உங்கள் இதழைப் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
வாசகர், பொள்ளாச்சி